சட்டமும் சிறு கடையும்
அமெரிக்க மின்சிகரெட்டு வரலாறு தரும் பாடம்

புகையிலைக்கு எதிராக எந்தச் சட்டம் வந்தாலும் அதனை வரவேற்கவே நாம் பழகியிருக்கிறோம். மனித உயிரை விலையாகக் கொண்டு இலாபம் திரட்டும் ஒரு தொழிலை அரசு கட்டுப்படுத்த முற்படும்போது, அதற்கு மாறாக வாதாடுவது முற்போக்காளருக்கு அழகன்று என்பது எமது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் அடிப்படையில் தவறானதுமன்று. ஆயினும் சட்டம் என்பது சமுதாயத்தின் மீது சமமாகப் படிந்துவிடும் ஒன்றன்று. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலத்தில் பெய்யும் மழையைப் போல, எங்கே தேங்குவது, எங்கே அரித்துச் செல்வது என்பதை அந்நிலத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு சட்டத்தின் நோக்கம் நல்லதா என்று கேட்பதோடு வரலாற்று மாணவனின் பணி முடிந்துவிடுவதில்லை. அதன் சுமை எந்த வர்க்கத்தின் தோளில் இறங்கிற்று, அதன் பயன் எவர் பெட்டியை நிரப்பிற்று என்ற வினாக்களையும் அவன் எழுப்புதல் வேண்டும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் மின்சிகரெட்டு தொடர்பாகக் கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்தவை தக்க சான்றாகும். எனினும் அந்நாட்டுப் புகையிலைத் தொழிலின் முன்வரலாற்றை ஒருமுறை நோக்காது இதனை விளங்கிக்கொள்ள இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அமெரிக்காவிற் சுருட்டும் சிகரெட்டும் கையாற் சுற்றப்பட்டவையே. நியூயோர்க் நகரின் நெருக்கமான குடியிருப்பு மாடிகளிற் குடியேறிய ஏழைக் குடும்பங்கள், உண்டு உறங்கும் அதே அறையில், குழந்தைகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு சுருட்டுச் சுற்றின. பிற்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கத்தின் தலைவராக விளங்கிய சாமுவேல் கொம்பர்ஸ் சுருட்டுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். அம்மாடிகளின் அவலத்தை நேரிற் கண்டு எழுதிய அவரும் அவரது சங்கத்தினரும், குடியிருப்பு அறைகளிற் சுருட்டுச் செய்வதைத் தடைசெய்யும் சட்டமொன்றுக்காகப் போராடி வென்றனர். ஆனால் 1885 இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. தன் வீட்டில் இருந்து தொழில் செய்யும் ஒரு தொழிலாளியின் சுதந்திரத்தைச் சட்டம் பறிக்கிறது என்பதே நீதிமன்றம் காட்டிய நியாயம். அத்தொழிலாளியின் பெயரால் வழக்கு வென்றது. வீட்டுக் கூலியையும் அற்ப வேதனத்தையும் கொண்டு கொழுத்த முதலாளிகளே உண்மையில் வென்றனர். சிறியவன் பெயரைக் கேடயமாகப் பிடித்துப் பெரியவன் போராடும் இம்முறையை வாசகர் நினைவில் இருத்துதல் நன்று. நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் அதனை மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

அதே காலத்தில் பொன்சாக் என்பவரின் சிகரெட்டு இயந்திரம் வந்து சேர்ந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றில் மூவாயிரம் சிகரெட்டுச் சுற்றுவதே அரிதாயிருக்க, இயந்திரம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைத் தள்ளியது. இவ்வியந்திரத்தைத் தமதாக்கிக்கொண்ட ஜேம்ஸ் டியூக் 1890 இல் ஐந்து கொம்பனிகளை ஒன்றிணைத்து அமெரிக்கப் புகையிலைக் கொம்பனியை நிறுவினார். 1902 இல் அது பிரித்தானிய முதலாளிகளுடன் உலகச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டபோது பிறந்ததே பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனி. 1911 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் டியூக்கின் ஏகபோகத்தைக் கலைத்தது. கலைந்து பிறந்தவையோ றெனோல்ட்ஸ், லொறிலார்ட், லிகெற் முதலிய சில பெருங் கொம்பனிகள். ஒரு பெருவிலங்கை வெட்டியதும் சில பெருவிலங்குகள் எழுந்தன. சிறு உற்பத்தியாளன் மீண்டும் எழவில்லை.

1964 சனவரி 11 ஆந் திகதி அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, சிகரெட்டு சுவாசப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது. அதன் பின் வந்த சட்டங்கள் பல உயிர்களைக் காத்தன என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அவற்றின் மறுபக்கத்தையும் நோக்குவோம். 1971 சனவரியில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட்டு விளம்பரம் நின்றபோது, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த கொம்பனிகளுக்குப் பெருஞ் செலவு மிஞ்சியது. புதிதாகச் சந்தைக்கு வர எண்ணியவனுக்கோ வழி அடைபட்டது. 1998 இல் 46 மாநிலங்கள் பெருங் கொம்பனிகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கை இன்னும் தெளிவான சான்று. இருபத்தைந்து ஆண்டுகளில் 20,600 கோடி டொலர் வரை மாநிலங்களுக்குச் செலுத்தக் கொம்பனிகள் ஒப்புக்கொண்டன. அப்பணத்தைச் சிகரெட்டு விலையை ஏற்றிப் புகைப்பவனிடமிருந்தே அவை பெரும்பாலும் அறவிட்டன. உடன்படிக்கையிற் சேராத சிறு உற்பத்தியாளர் விலையைக் குறைத்துப் போட்டியிடாதவாறு, அவர்களும் விற்பனைக்கேற்ற தொகையை வைப்பிலிட வேண்டுமென மாநிலங்கள் சட்டமியற்றின. இவ்வாறு அரசின் வருமானமும் பெருங் கொம்பனியின் சந்தையும் ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்டன.

மின்சிகரெட்டு தோன்றியது இச்சூழலிலேதான். 2003 இல் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர், புகையிலையை எரிக்காது நிக்கொற்றின் கலந்த திரவத்தை ஆவியாக்கி உள்ளிழுக்கும் கருவியொன்றை உருவாக்கினார். அவர் தாமும் புகைபிடிப்பவர். தந்தையைச் சுவாசப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2007 அளவில் அக்கருவி அமெரிக்காவை அடைந்தது. புகையிலைக் கொம்பனிகள் அதனைத் தொடக்கத்திற் பொருட்படுத்தவில்லை. அதனாற் சிறியவர்களுக்கு இடம் கிடைத்தது. 'வேப் கடை' என வழங்கும் சிறு கடைகள் நகரந்தோறும் எழுந்தன. தாமே இதன் துணையாற் சிகரெட்டைக் கைவிட்டோர் பலர், கையிலிருந்த சேமிப்பையும் கடனையும் கொண்டு ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். திரவத்தைத் தாமே கலந்தனர். வருபவனுக்குச் சுவை காட்டினர். கருவியைத் திருத்திக் கொடுத்தனர்.

அக்கடைகளுக்கு வந்தவர் யாவர் என்பதும் முக்கியமானது. அமெரிக்காவிற் புகைப்பழக்கம் எல்லா வர்க்கத்திலும் சமமாகப் பரவிய ஒன்றன்று. குறைந்த வருமானமும் குறைந்த கல்வியும் உடையோரிடமே அது ஆழ வேரூன்றியுள்ளது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 480,000 அமெரிக்கர் சிகரெட்டினால் மடிகின்றனர் என அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கணக்கிட்டுள்ளது. சிகரெட்டை விட முயன்று தோற்ற உழைப்பாளிகள் பலருக்கு மருத்துவரிலும் பார்க்க இக்கடைக்காரரே அணுகுதற்கு எளியவராயினர். நிக்கொற்றின் உள்ள மின்சிகரெட்டு, நிக்கொற்றின் பட்டை முதலிய பழைய துணைகளிலும் பார்க்கக் கூடுதலானோரைச் சிகரெட்டிலிருந்து விடுவிக்கிறது என்பதைக் கொக்றேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பும் ஏற்றுக்கொண்டுள்ளது. இதனால் இப்பொருள் தீங்கற்றது என்பது பொருளன்று. நிக்கொற்றின் அடிமைப்படுத்தும் பொருளே. நீண்டகாலப் பாவனையின் விளைவும் இனிமேற்றான் முழுமையாகத் தெரியவரும்.

2009 யூன் 22 ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உணவு மருந்து நிருவாகத் திணைக்களத்துக்குப் புகையிலை மீது அதிகாரம் வழங்கியது. மார்ல்பரோ சிகரெட்டின் உரிமையாளரான பிலிப் மொறிஸ் நிறுவனம் இச்சட்டத்தை ஆதரித்தது. போட்டிக் கொம்பனிகளோ இதனை மார்ல்பரோவின் ஏகபோகச் சட்டம் என்று ஏளனஞ் செய்தன. காரணம் சட்டத்தினுள்ளேயே இருந்தது. 2007 பெப்ரவரி 15 ஆந் திகதி சந்தையில் இருந்த பொருட்கள் முன்னனுமதி பெற வேண்டியதில்லை. அதன் பின் வந்த புதிய பொருட்கள் பெற வேண்டும். மிகக் கொடியதென்று அறியப்பட்ட சிகரெட்டு, பழையது என்ற தகுதி ஒன்றினாலேயே வாயிலைக் கடந்தது. சுவையூட்டிய சிகரெட்டுகளைத் தடைசெய்த அதே சட்டம், குளிர்ச்சியான சுவை தரும் 'மென்தோல்' சிகரெட்டை மட்டும் விலக்கிவைத்தது. மென்தோல் அமெரிக்கக் கொம்பனிகளின் பொருள். தடைப்பட்ட கராம்புச் சிகரெட்டோ பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வந்தது. இந்தோனேசியா உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டு 2012 இல் வென்றது.

அந்தச் சட்டத்தை மின்சிகரெட்டுக்கும் விரிக்கும் விதி 2016 ஓகஸ்ட் 8 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. 2007 இன் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையில் மின்சிகரெட்டு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே ஏறக்குறைய அனைத்தும் புதியனவாயின. திரவத்தைக் கலக்கும் சிறு கடைக்காரர் சட்டத்தின் கண்ணிற் பெரிய ஆலை முதலாளியைப் போன்ற 'உற்பத்தியாளர்' ஆனார். ஒவ்வொரு சுவைக்கும் ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியே விண்ணப்பம் வேண்டும். அதற்கான இரசாயனப் பரிசோதனைக்கும் ஆய்வுக்கும் பெருந்தொகை வேண்டும். வாடிக்கையாளருக்கு இலவசமாகச் சுவை காட்டுதல் தடைப்பட்டது. சிகரெட்டிலும் தீங்கு குறைந்தது என்று விளம்பரஞ் செய்வதும் முன்னனுமதியின்றிக் குற்றமாயிற்று. கோடிக்கணக்கிற் செலவிடக்கூடியவனுக்கு இவை தாண்டக்கூடிய வேலி. கடைக்காரனுக்கோ இவை மதில்.

இவ்விடத்தில் மறுதரப்பின் நியாயத்தை மறைத்தல் நேர்மையாகாது. 2015 இல் வெளிவந்த 'ஜூல்' என்ற கருவி, நிக்கொற்றினைத் தொண்டை உறுத்தாத உப்பு வடிவில், மிகுந்த செறிவில் ஊட்டியது. உயர்தர வகுப்பு மாணவரில் மின்சிகரெட்டுப் பாவிப்போர் 2017 இல் 11.7 சதவீதமாயிருந்து, 2018 இல் 20.8 சதவீதமாகவும், 2019 இல் 27.5 சதவீதமாகவும் ஏறினர். நான்கு மாணவரில் ஒருவருக்கு மேல் என்பது எந்த ஆசிரியரின் நெஞ்சையும் நடுங்கச் செய்யும் கணக்கு. அரசு தலையிட்டே ஆகவேண்டிய நிலை அது. ஆனால் இந்நிலையை உண்டாக்கியது எது? தெருக்கோடிச் சிறு கடையிலும் பார்க்க, பெருமூலதனத்தின் ஆதரவோடு நாடெங்கும் எரிபொருள் நிலையங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும் பரவிய ஒரு கொம்பனியின் பொருளே இதில் முதன்மை வகித்தது. மார்ல்பரோவின் உரிமையாளரான அல்ட்ரியா 2018 டிசெம்பரில் அக்கொம்பனியின் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டொலருக்கு வாங்கியது. மாணவரை அடிமைப்படுத்திய பொருளுக்குச் சந்தை வழங்கிய பரிசு அது.

2019 இல் மர்மமான சுவாசப்பை நோயொன்று பரவியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் மாண்டனர். கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சாரத் திரவத்திற் கலக்கப்பட்ட விற்றமின் ஈ அசிற்றேற்றே இதற்கு முதன்மையான காரணமென ஆய்வு காட்டியது. ஆனால் அம்முடிவு தெளிவாகுமுன்னரே மசசூசெற்ஸ் மாநிலம் 2019 செப்ரெம்பரில் மின்சிகரெட்டு விற்பனை முழுவதையும் நிறுத்தியது. வேப் கடைகள் கதவடைத்தன. பக்கத்துக் கடையில் மார்ல்பரோ தடையின்றி விற்றது. சிகரெட்டை விட்டிருந்த தொழிலாளிக்கு அவ்வாரத்திற் சட்டம் திறந்து வைத்திருந்த கதவு அது ஒன்றே.

தொடர்ந்து 2020 பெப்ரவரியில், கருவியிற் பொருத்தும் சுவைக் குப்பிகளுக்கு எதிராக மத்திய அரசு நடவடிக்கை எடுத்தது. ஒருமுறை பாவித்து எறியும் கருவிகள் இதிற் சேர்க்கப்படவில்லை. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. 'பஃப் பார்', பின்னர் 'எல்ஃப் பார்' எனச் சீனத்து ஷென்சென் நகரில் உருவான, பழச்சுவை மிக்க கருவிகள் அவ்விடைவெளியால் வெள்ளமெனப் புகுந்தன.

விண்ணப்பத்துக்கான இறுதி நாள் 2020 செப்ரெம்பர் 9. அறுபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்களுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் முதன்முதலாக நிராகரிக்கப்பட்டவை மூன்று சிறு நிறுவனங்களின் 55,000 சுவைத் திரவங்கள். செப்ரெம்பர் 9 அளவில் ஒன்பது இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை தள்ளப்பட்டுவிட்டன. 2021 ஒக்டோபர் 12 இல் முதலாவது அனுமதி வெளிவந்தது. பெற்றது றெனோல்ட்ஸ் கொம்பனியின் 'வியூஸ்'. 2017 முதல் றெனோல்ட்ஸ் முழுவதும் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனியின் உடைமை. அடுத்து ஜப்பானியப் புகையிலைக் கொம்பனியின் 'லொஜிக்', அதன்பின் 'என்ஜோய்'. புகையிலைக் கொம்பனியைச் சாராத என்ஜோயையும் 2023 இல் 275 கோடி டொலருக்கு அல்ட்ரியா விலைக்கு வாங்கியது. இவ்வாறு 2025 யூலையில் ஜூல் அனுமதி பெறும் வரை, அந்நாட்டிற் சட்டபூர்வமாக விற்கத்தக்க மின்சிகரெட்டுகள் யாவும் மூன்று சிகரெட்டுக் கொம்பனிகளின் கையில் ஒடுங்கின. டியூக் 1890 இல் இயந்திரத்தாலும் விலைப்போராலும் சாதித்ததை, இவர்கள் விண்ணப்பப் படிவத்தாற் சாதித்தனர் எனலாம்.

கடைக்காரர் முன் இரு வழிகளே எஞ்சின. அனுமதி பெற்ற சில பொருட்களை எரிபொருள் நிலையத்துடன் போட்டியிட்டு விற்பது. அல்லது அனுமதியற்றதை விற்றுத் தண்டத்தை எதிர்நோக்குவது. 2023 செப்ரெம்பரில் எல்ஃப் பார் விற்ற 22 கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் அரசு கோரிய தண்டம் 19,192 டொலர். ஷென்சென் ஆலையதிபர் பெயரை மாற்றிப் புதுப்பெட்டியில் அடைத்து அனுப்பிக்கொண்டேயிருக்க, கைக்கெட்டியவன் கடைக்காரனே. அஞ்சல் மூலம் பெறும் வழியும் 2020 டிசெம்பர்ச் சட்டத்தாலும் 2021 ஒக்டோபர் அஞ்சல் விதியாலும் பெரும்பாலும் அடைபட்டது. கடையற்ற சிற்றூர்களில் வாழ்ந்தோரை இது கூடுதலாகத் தாக்கியது. லூயிசியானா முதலிய மாநிலங்கள் விற்கத்தக்க பொருட்களின் பதிவேட்டை அமைத்து, அதில் இல்லாதவற்றை வைத்திருக்கும் கடைகளைத் தண்டிக்கத் தொடங்கின.

மாணவரிடையே பாவனை பின்னர் வெகுவாகக் குறைந்தது உண்மை. 2024 இல் உயர்தர வகுப்பினரிடை அது 7.8 சதவீதம். வயதெல்லையை 21 ஆக உயர்த்திய 2019 டிசெம்பர்ச் சட்டமும், பாடசாலைகளின் முயற்சியும், கண்காணிப்பும் இதிற் பங்குகொண்டன. இது மக்களின் வெற்றி; இதனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆனால் மாணவரைக் காத்தற்குச் சிகரெட்டுக் கொம்பனிக்குச் சந்தையைப் பட்டயம் எழுதிக் கொடுத்தல் தேவையாயிருந்ததா என்பதே எமது வினா.

நீதிமன்றங்களின் கதை இதற்கு முடிவுரை போன்றது. சுவைத் திரவம் செய்த சிறு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2025 ஏப்பிரல் 2 ஆந் திகதி உயர்நீதிமன்றம் ஒருமனதாகப் பெரும்பாலும் அரசுக்குச் சார்பாகவே தீர்த்தது. அதே ஆண்டு யூன் 20 ஆந் திகதி இன்னொரு தீர்ப்பு வந்தது. அதில் வாதி றெனோல்ட்ஸ். அதன் மென்தோல் 'வியூஸ்' நிராகரிக்கப்பட்டிருந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த அக்கொம்பனி, தனக்கு வாய்ப்பான நீதிமன்றத்தை அடைவதற்காக ரெக்சாஸ், மிசிசிப்பிப் பகுதி விற்பனையாளரை உடன் சேர்த்துக்கொண்டது. விற்பனையாளரும் பாதிக்கப்பட்டோரே, ஆகவே அவர்களும் வழக்காடலாம் என ஏழு நீதியரசர் இருவருக்கு எதிராகத் தீர்த்தனர். கடைக்காரனுக்கு உரிமை கிடைத்தது என்று கேட்க இனிமைதான். ஆனால் அவன் தனக்காகத் தொடுத்த வழக்கு அன்று அது. 1885 இற் சுருட்டுத் தொழிலாளியின் பெயர் எவ்வாறு பயன்பட்டதோ, அவ்வாறே இங்கும் கடைக்காரனின் பெயர் பயன்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இருவகைத் தவறான முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, சட்டமே வேண்டாம், சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்பது. 2017 இற்கும் 2019 இற்கும் இடையே மாணவருக்கு நேர்ந்தது இவ்வாதத்தைத் தகர்க்கிறது. மற்றையது, தீய பொருளை விற்பவன் அழியட்டும், அதைப்பற்றி எமக்கென்ன என்பது. இது ஒழுக்கவாதியின் குரல். அழிந்தவன் கடைக்காரன், செழித்தவன் சிகரெட்டு முதலாளி, நடுவில் நின்றவன், சிகரெட்டிலிருந்து தப்ப முயன்ற உழைப்பாளி. தீமையின் அளவைப் பாராது மூலதனத்தின் அளவைப் பார்த்து வாயில் திறக்கும் சட்டத்தை மக்கள் நலச் சட்டம் என்று அழைத்தல் பொருந்தாது.

மக்கள் நலனைக் குறிக்கோளாகக் கொண்ட சட்டமாயின், மிகக் கொடிய பொருளுக்கே மிகக் கடுமையான தடையை விதிக்கும். பொருளைப் பரிசோதிக்கும் பொறுப்பை, சிகரெட்டுக் கொம்பனிகளிடம் அறவிடும் வரியைக் கொண்டு அரசின் ஆய்வுகூடமே ஏற்கும். மாணவருக்கு விற்பவனை, அவன் சிறியவனாயினும் பெரியவனாயினும், ஒரே அளவுகோலால் தண்டிக்கும். தொழிலை இழக்கும் சிறு கடைக்காரன் வேறு தொழிலுக்கு மாறக் கால அவகாசமும் கடனுதவியும் வழங்கும். புகைப்பழக்கத்தை விட விரும்பும் உழைப்பாளிக்கு இலவச மருத்துவத்தை அவன் வாழும் இடத்துக்கே கொண்டு செல்லும். இவற்றில் எதுவும் நடவாத கற்பனையன்று. இலாபத்துக்கு ஊறு நேரும் என்பதனாலேயே இவை பின்தள்ளப்படுகின்றன.

இக்கதை எமக்குத் தொலைவிலுள்ளதுமன்று. எமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடைசெய்தது. 2016 செப்ரெம்பர் முதல் மெல்லும் புகையிலைக் கலவைகள், சுவையூட்டிய சிகரெட்டு, புகையிலை சார்ந்த மின்சிகரெட்டு ஆகியனவும் தடைப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவையே. வாய்ப்புற்றுநோயால் வாடும் தோட்டத் தொழிலாளரையும் மீனவரையும் அறிந்தோர் இதனை மறுக்கார். ஆயினும் தடைப்பட்டவை பெரும்பாலும் பெட்டிக்கடையிலும் வெற்றிலைத் தட்டிலும் விற்றவை. தடைப்படாது நின்றதோ இலங்கைப் புகையிலைக் கொம்பனியின் சிகரெட்டு. அக்கொம்பனியின் பெரும்பங்குக்கு உரியவர், அமெரிக்காவில் முதல் அனுமதியைப் பெற்ற 'வியூஸ்' கருவிக்கும் உரியவரான அதே பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கொம்பனியினர். 1902 இல் உலகைப் பங்கிட்டவர்களின் கை இன்றும் எமது தெருக்கோடிக் கடை வரை நீண்டிருக்கிறது.

ஆசிரியரும் மாணவரும் புகையிலைக்கு எதிரான இயக்கத்தில் முன்னணியில் நிற்றல் வேண்டும். ஆனால் அடுத்த சட்டம் வரும்போது அதன் முகவுரையோடு நில்லாது, விலக்குகளையும் கட்டணங்களையும் தண்டப் பட்டியலையும் வாசித்தல் வேண்டும். சட்டம் எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.